சட்டைப் பைக்குள் கூவிய போர்டு

ஆண்டியப்பன் ஊரிலேயே பெரிய வயர் கடைக்காரர். காற்றைக்கூடக் கையில் பிடித்துக் கொடுத்தால்தான் நம்புவார். அப்பேர்ப்பட்டவரைத்தான் பாலிடெக்னிக் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

மாணவி செண்பகவல்லி தன் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் வயரே இல்லாமல் சிக்னலை வாங்கும் வயர்லெஸ் மாட்யூல் ஒன்றைச் சேர்த்திருந்தாள். அவள் கையிலிருந்த ரிமோட்டை அமுக்கினால், மேசைமேல் இருந்த போர்டு ‘கீ’ என்று கூவும். அமுக்கிக் காட்டினாள்.

“யாரும்மா ஏமாளி, நானா? மேசைக்கடியில வயரை ஒளிச்சு வச்சிருக்க. இல்லைன்னு நிரூபி. முடியலைன்னா மாவட்டப் போட்டிக்கு உன் பேரு கிடையாது” என்றார் ஆண்டியப்பன்.

இல்லாத வயரை எப்படிக் காட்டுவது? ‘முருகா’ என்று மூச்சை இழுத்துவிட்டவள், போர்டை பேட்டரியோடு எடுத்து அவர் சட்டைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

“ஐயா, உங்களுக்குப் பிடிச்ச இடத்துல போய் நில்லுங்க.”

அவர் விறுவிறுவென்று மைதானத்துக்குப் போனார். அவள் அமுக்கினாள். பை ‘கீ’ என்றது. மனுஷர் துள்ளிப்போய் நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாம் தடவினார், வேட்டியையும் உதறினார்.

“வயர் கிடைச்சுதாங்கய்யா? இருந்தா இப்ப உங்க மேலதானே இருக்கணும்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரோ அதற்குள் கேட்டைத் தாண்டி ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்.

“உன் பேரை எழுதிக்கச் சொல்லு தாயி! நான் இன்னும் கொஞ்சம் தூரம் போறேன், இப்ப அமுக்கு பாப்போம்!”