ஸாவ்ரியாவின் கதவு

"அம்மா, கதவை எப்படிச் செஞ்சா எல்லாரும் உள்ள வருவாங்க?"

இன்னாசி இதைக் கேட்டபோது ஜைத்தூன் முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தக் கதவு?"

"என் உலகத்துக் கதவு."

இன்னாசி கணினியில் உலகம் செய்பவர். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் போதும். படுத்த இடத்திலிருந்தே ஏரிக்கரையில் நடக்கலாம், கச்சேரிக்குப் போகலாம், எங்கோ இருக்கும் நண்பரோடு உட்கார்ந்து சதுரங்கம் ஆடலாம். அந்த உலகத்துக்கு ஸாவ்ரியா என்று பேர் வைத்திருந்தார். அந்தப் பேருக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. உச்சரிக்க அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் தேர்ந்து கொடுத்தது.

ஜைத்தூனும் ஒருகாலத்தில் அப்படிப்பட்ட உலகங்களைச் செய்தவர்தான். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சிறுமலைக்கு வந்துவிட்டார். இன்னாசியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் தொழிலில் வழி தெரியாமல் நின்றபோதெல்லாம் இன்னாசி மலையேறி வந்து அவர் எதிரே தரையில் உட்காருவார். அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"உள்ள வந்தவங்க வெளிய போக மனசில்லாம இருக்காங்கம்மா. ஆனா வாசல்வரை வந்துட்டுத் திரும்பிப் போறவங்கதான் அதிகம். தேடினாக் கிடைக்கலங்கறாங்க. கிடைச்சா நுழைய முடியலங்கறாங்க."

"உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

"எங்க ஆபீஸ்ல கோடு போட்டுக் காட்டுறாங்க. கோடு கீழயே போகுது."

"திரும்பிப் போன ஒருத்தரையாவது நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எப்படிம்மா பார்க்கிறது? உள்ள வந்தவங்க பேரைச் சொல்லிட்டு வர்றாங்க. திரும்பிப் போறவங்க பேர் சொல்லாமப் போயிடறாங்களே."

ஜைத்தூன் மிளகைக் கையால் பரப்பினார்.

"ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வந்தா பதில் சொல்வீங்களா?"

ஜைத்தூன் பாயின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டார்.

இன்னாசி கோயம்புத்தூருக்குத் திரும்பினார். கார் ஓட்டுபவரைக் கேட்டார்.

"நீ ஸாவ்ரியாவுக்குள்ள போயிருக்கியாப்பா?"

"சூப்பரா இருக்கு சார்."

மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தாரைக் கேட்டார். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். முடியவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர்கூட இல்லை. தன் கதவு அத்தனை மோசமில்லைபோல என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

திரும்பிப் போனவர் கிடைக்காவிட்டால் என்ன? உள்ளே போனவர் ஒருவர் சொல்வதை ஜைத்தூனுக்குக் காட்டலாமே. அப்போது அக்காவின் நினைப்பு வந்தது.

பிலோமினாள் அக்கா திண்டுக்கல்லில் இருந்தார். அம்மா இறந்தபோது இன்னாசி சின்னப் பிள்ளை. தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது அக்காதான். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவருஷம் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் கொஞ்சம் குழறிப்போனது. அன்றிலிருந்து கட்டில்தான்.

படுத்துக் கிடக்கிற அக்காவுக்காகத்தான் இந்த உலகத்தைச் செய்தேன் என்று இன்னாசி ஒவ்வொரு மேடையிலும் சொல்வார். பின்னால் திரையில் அக்காவின் படம் தெரியும். "இப்ப எங்க அக்கா தினமும் ஏரிக்கரையில நடக்கறாங்க" என்பார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். இன்னாசியும் துடைத்துக்கொள்வார்.

அது பொய்யென்று அவர் நினைக்கவில்லை. எப்போதாவது போன் செய்யும்போது கேட்பார்.

"எப்படிக்கா இருக்கு, நான் செஞ்ச ஊரு?"

"நல்லா இருக்குப்பா."

அதோடு வேறு அழைப்பு வந்துவிடும்.

திண்டுக்கல் வீட்டுக்கு அவர் போய் வெகுநாளாகியிருந்தது. அக்கா அவரைப் பார்த்ததும் இடது கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லிட்டு வரக் கூடாதா? மீன் வாங்கச் சொல்லியிருப்பேன்ல."

கருவி அலமாரியில் இருந்தது. மேலே பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தது.

"தூசி படும்ல" என்றார் அக்கா.

இன்னாசி செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆயத்தமானார்.

"ஒண்ணும் இல்லக்கா. மலையில ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்குக் காட்டணும். நீ பாட்டுக்குப் பேசு. உள்ள போனா உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"கடலு."

இன்னாசி செல்போனைக் கீழே இறக்கினார்.

ஸாவ்ரியாவில் கடல் இல்லை. அலை அடிப்பதைக் காட்டினால் கருவி திணறுகிறது என்று கடல் வேண்டாமென்று முடிவு செய்ததே அவர்தான்.

"கடலா?"

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கலைந்தது.

"இல்லையா?" என்றார்.

"இல்லக்கா."

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பிச் சத்தம் நின்றது.

"நீ போனதே இல்லையாக்கா?"

"கோவிச்சுக்காத தம்பி."

"சொல்லுக்கா."

"எனக்குத் தேடத் தெரியலப்பா. கை வராது, வாயால சொன்னாப் போதும்னாங்க. சொன்னேன். உன் ஊர் பேரு என் நாக்குல 'சாவுரியா'ன்னுதான் வருது. அது உடனே அமரர் ஊர்தி நம்பரக் காட்டுது."

இன்னாசி அலமாரியிலிருந்த கருவியைப் பார்த்தார்.

"வீட்டுல படுத்துக்கிட்டு எத்தன தடவதான் சாவு சாவுன்னு கத்துறது? பக்கத்து வீட்டு மார்த்தா பயந்துபோய் ஓடி வந்துட்டா. அப்புறம் அவதான் எப்படியோ தேடி எடுத்துக் கொடுத்தா."

"அப்புறம்?"

"செல்லுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்குது. கண்ணுல இத மாட்டியிருக்கே, செல்ல எப்படிப் பாக்கிறது? ஒத்தக் கையால இதக் கழட்டி, செல்லத் தேடி எடுத்து, பாத்துட்டு, திரும்ப மாட்டுறதுக்குள்ள அந்த நம்பர் செத்துப்போச்சுங்குது."

"மார்த்தாவைச் சொல்லச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா. அதுக்கு மேல ஒண்ணு இருக்கே. நீ மனுஷிதானான்னு கேக்குது. பாலம் இருக்கிற படத்த எல்லாம் தொடுங்குது. இந்தக் கை நடுங்கி வேற படத்துல படுது. திரும்பத் திரும்பத் தொட்டேன்."

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில, நான் ஏதோ சந்தேகத்துக்குரிய ஆளுன்னு சொல்லிச்சு. மார்த்தா பக்கத்துல நிக்கிறா. எனக்கு வெக்கமாப் போச்சு. அதுலருந்து தொடல."

'சந்தேகத்துக்குரிய நபர். அனுமதி மறுக்கப்பட்டது.' அந்த வரியை எழுதியது இன்னாசி. கொஞ்சம் பதமாகச் சொல்லலாமே என்று அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். கண்டிப்பாக இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"எப்படிச் சொல்றது? அக்கா தினமும் போறான்னு நீ ஊரெல்லாம் சொல்ற. சர்ச் சாமியார்கூட டிவியில பாத்துட்டு வந்து கேட்டாரு. நான் போகலன்னா உனக்குத்தானே அசிங்கம்? என் மண்டைக்கு ஏறலன்னு விட்டுட்டேன். படிச்ச ஆளுங்க செஞ்சது. அதுல என்ன தப்பு இருக்கப்போகுது?"

இன்னாசி குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மலைக்குப் போனார்.

ஜைத்தூன் கேட்டார். "திரும்பிப் போனவங்க கிடைச்சாங்களா?"

"கிடைச்சாங்கம்மா. கூட்டிட்டு வர முடியல. அவங்களால எழுந்திரிக்க முடியாது."

"யாரு?"



"எங்க அக்கா."

ஜைத்தூன் அவரையே பார்த்தார். அவரும் டிவியில் பார்த்திருந்தாரோ என்னவோ. இன்னாசி பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்கம்மா. கதவை எப்படிச் செய்யட்டும்?"

"தெரிஞ்சவங்களை விட்டுட்டு என்கிட்ட ஏன் வந்தீங்க?"

இன்னாசி மலையிறங்கினார்.

அந்த மாதம் ஒரு மேடை இருந்தது. அக்காவின் படத்தை எடுத்துவிடச் சொன்னார். அன்றைக்குப் பேச்சில் தடுமாறினார். கைதட்டல் வந்தபோது தண்ணீர் குடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

பிறகு திண்டுக்கல் வீட்டிலேயே வந்து தங்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வேலை செய்தார். அக்கா எங்கெல்லாம் தடுமாறினாரோ அதையெல்லாம் மாற்றினார். ஸாவ்ரியா என்ற பேர் போனது. ஏரியூர் என்று ஆனது. எப்படிக் குழறிச் சொன்னாலும் கருவி புரிந்துகொண்டது. செல்லுக்கு நம்பர் வருவது நின்றது. பாலம் படம் நின்றது. அக்காவின் குரலைக் கேட்டால் கதவு திறந்தது. கண்டிப்பான அந்த வரியை அவரே அழித்தார். முடியாமல் போகிறவர்களுக்கு வேறு வரி வைத்தார். 'தவறு எங்களுடையது. சற்றுப் பொறுங்கள், ஒருவர் வருகிறார்.' வந்து உதவ ஆட்களையும் அமர்த்தினார்.

ஆபீசில் கோடு மேலே ஏறியது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் இன்னாசி மறுபடியும் மலையேறினார்.

"கதவு சரியாயிடுச்சும்மா. அக்காகூடப் போயிட்டு வந்துட்டாங்க."

"சந்தோஷம்."

"ஆனா அதுக்கப்புறம் போக மாட்டேங்கறாங்க."

ஜைத்தூன் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நுழையறதுல கஷ்டமா?"

"கஷ்டமே இல்ல. ஏரியூர்னு சொன்னாங்க, திறந்துச்சு. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. ஏரிக்கரைவரைக்கும் நடந்தாங்க. அந்தக் கால்ல, அம்மா! நடந்தாங்க. பெஞ்சுல உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரத்துல கருவியைக் கழட்டி வெச்சுட்டாங்க."

"ஏன்?"

"கேட்டேன். யாரும் இல்லப்பான்னாங்க."

"ஆள் இல்லையா?"

"கரை முழுக்க ஆளும்மா! அதான் எனக்குப் புரியல. மறுபடி மாட்டுக்கான்னா, நல்லா இருக்குப்பா, போதும்ங்கறாங்க. இன்னும் எதை எளிசாக்கணும்? நீங்கதான் சொல்லணும்."

"அவங்க உள்ள போனப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலயே. கட்டில் ஓரமா. அவங்க என்ன பார்க்கறாங்களோ அது என் கையில இருந்த திரையிலயும் தெரியும். ஒவ்வொண்ணா சரிபார்த்துக்கிட்டே இருந்தேன்."

"பெஞ்சுல எத்தனை பேர் உட்காரலாம்?"

"ரெண்டு பேர்."

"உட்கார்ந்து என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் கூப்பிட்டாங்க."

"யாரை?"

இன்னாசியின் முகத்தில் ரத்தம் ஏறிக் காது மடல்வரை சிவந்தது.

"இன்னாசின்னு கூப்பிட்டாங்க."

ஜைத்தூன் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. சின்ன வயசுல கூப்பிடுவாங்களே, அந்த மாதிரி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

இன்னாசி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"சத்தம் தெளிவா வருதுன்னு குறிச்சுக்கிட்டேம்மா."