ஓடைக்கரை முள்

இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் அன்று பிற்பகல் போதகர் ஆசீர் தன் குருவைத் தேடி வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"சாமி, இந்த ஊருச் சபைகளுக்குள்ள ஐக்கியம் எப்பத்தான் வரும்?"

சாமியார் வியாகுலம் வாசலில் குந்தி ஒரு வெட்டரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். பெயரில்தான் வியாகுலம், ஆள் சிரித்த முகம். ஓய்வுபெற்ற கத்தோலிக்கக் குரு. ஊரின் கிழக்குக் கோடியில் உள்ள சின்னக் கோயிலை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கேயே சமைத்து, அங்கேயே ஜெபித்து, அங்கேயே கிடந்தார்.

ஆசீர் சீர்திருத்தச் சபையின் போதகர். அவருக்கும் தலை நரைத்தாகிவிட்டது. வாரம் தவறாமல் இந்தச் சாமியாரிடம் வந்து மனசில் உள்ளதைக் கொட்டிவிட்டுப் போவார். இதைப் பற்றி இரண்டு கோயிலிலும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். போதகர் ஜெபமாலை உருட்டப் படிக்கிறார் என்றார்கள் ஆசீரின் சபையார். சாமியாருக்கு இந்த வயசில் கல்யாண ஆசை வந்துவிட்டது என்றார்கள் கத்தோலிக்கர்கள். இருவருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"யாரு வரலை?" என்று கேட்டார் சாமியார்.

"என்ன சாமி?"

"ஐக்கியம் வரலைன்னு சொல்லுதீரு. ஐக்கியத்துக்குக் காலா இருக்கு? வராதது ஒரு ஆளாத்தான் இருக்கும். யாரு?"

"பாஸ்டர் பாக்கியமுத்து" என்றார் ஆசீர்.

சாமியார் அரிவாளின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். திரும்பவும் தீட்ட ஆரம்பித்தார்.

பாக்கியமுத்து அந்த ஊர்ப் பெந்தெகோஸ்தே சபையின் பாஸ்டர். ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரை சபையைக் கொண்டுவந்தவர். ஆசீரின் சபையிலிருந்து இரண்டு குடும்பங்கள் அவரிடம் போய், ஆற்றில் முழுகி மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டன. கத்தோலிக்கரின் சொரூபங்களை வெறும் பொம்மை என்று அவர் மைக் வைத்துப் பேசியதும் உண்டு. ஆக, ஊரில் யாருக்கும் அவர் செல்லப்பிள்ளை இல்லை. ஆசீர் மட்டும் தெருவில் கண்டால் நின்று பேசுவார். "ஸ்தோத்திரம் பிரதர்" என்பார் அவர். இவரும் "ஸ்தோத்திரம்" என்பார்.

போன வருஷம் மழைக்காலத்தில் பாக்கியமுத்துவின் ஒரே மகள் ஜெமிமா காய்ச்சலில் இறந்துபோனாள். ஏழு வயசுப் பிள்ளை. பெந்தெகோஸ்தே சபைக்கு அங்கே கல்லறைத் தோட்டம் கிடையாது. கத்தோலிக்கர்களிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மைக்கில் பேசிய வாயோடு எப்படிப் போய் நிற்பது? ஆசீரின் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு மூலையில சின்ன எடம் தாங்க பிரதர். சின்னப் பிள்ளைதானே" என்றார்.

ஆசீர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். ஜெபம் செய்தார். அதெல்லாம் நிஜமான அழுகைதான், நிஜமான ஜெபம்தான். அப்புறம் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூடும். கேட்டுட்டுச் சொல்லுதேன் பிரதர்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளை வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டியில் கிடந்தாள். ஆசீர் கமிட்டிச் செயலருக்கு போன் போட்டார். "நம்ம பிள்ளைகளை ஆத்துல முக்கினவருக்கு நம்ம மண்ணுல எடமா?" என்றார் செயலர். எதற்கும் கமிட்டியில் பேசிவிடலாம் என்றார் ஆசீர். கல்லறைத் தோட்டத்துச் சாவி அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில்தான் தொங்கியது. எட்டி எடுத்தால் கைக்கு வந்திருக்கும்.

பாக்கியமுத்து ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கவில்லை. சபை விசுவாசி ஒருவர் ஓடைக்கரையில் இருந்த தன் தரிசு நிலத்தைக் காட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் மழைத் தூறலில் பிள்ளையை அங்கே புதைத்தார்கள். மறுநாள் கமிட்டி கூடியது, டீ குடித்தது, முடிவெடுக்காமல் கலைந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆசீரின் மனசு கேட்கவில்லை. கமிட்டியோடு மல்லுக்கட்டி, ஒரு மாதம் கழித்துச் சம்மதம் வாங்கிவிட்டார். வாங்கின கையோடு பாக்கியமுத்து வீட்டுக்கு ஓடினார். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்றுதான் நினைத்தார், பாவம்.

"கமிட்டியில பாஸாயிட்டு பிரதர். பாப்பாவை அங்கேயிருந்து எடுத்து நம்ம தோட்டத்துல வச்சிரலாம்."

உள்ளே இருந்து பாக்கியமுத்துவின் மனைவி லேயாளின் குரல் வந்தது.

"எம்புள்ளைய ரெண்டாந்தரம் புதைக்கச் சொல்லுதாங்களா? கேளுங்க, அதைத்தான் சொல்லுதாங்களா?"

அதற்குப் பிறகு பாக்கியமுத்து தெருவில் ஆசீரைக் கண்டால் நிற்பதில்லை.

ஜனவரியில் ஐக்கிய ஜெப வாரம் வந்தது. ஆசீர் எல்லாச் சபைகளையும் கூப்பிட்டார். போஸ்டரில் பாக்கியமுத்துவின் பெயரையும் போட்டார். மேடையில் அவருக்கென்று போட்ட நாற்காலி கடைசிவரை சும்மாவே கிடந்தது. வருகிற ஜனவரிக்கும் பேச்சு ஆரம்பித்தாகிவிட்டது. போஸ்டர் அடிக்கிறவன் காலையில்தான் கேட்டான், அந்தப் பாஸ்டர் பெயரை இந்தத் தடவையும் போடட்டுமா என்று. அதைக் கேட்டதிலிருந்து ஆசீருக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து நேரே இங்கே வந்துவிட்டார்.

"நான் என்ன செஞ்சா அவரு வருவாரு சாமி?"

சாமியார் எழுந்தார். அறைக்குள் போய் இன்னொரு அரிவாளை எடுத்துவந்து ஆசீரிடம் நீட்டினார்.

"வாரும்."

"எங்க?"

"வாரும் ஓய்."

சாமியார் நுனி பிரிந்த ஒரு கவைக்கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஜேஜே என்றிருந்தது. கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சாமியாரைப் பார்த்து வாசலுக்கு ஓடிவந்தாள்.

"சாமி, எங்க அப்பா கல்லறையில ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போங்க."

"பங்குச் சாமி உள்ள நிக்காரு தாயி. அவரைக் கூப்பிடு, வருவாரு."

அவள் இருவர் கையிலும் இருந்த அரிவாள்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இன்னைக்கு உங்களுக்கு இங்கதானே வேலை?" என்றார் ஆசீர்.

"இங்க ஆள் இருக்கு" என்றார் சாமியார்.

ஓடைக்கரைக்குத் திரும்பும் வண்டித்தடம் வந்ததும் ஆசீருக்குப் புரிந்துவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"சாமி, நான் வரலை."

"சரி. அரிவாளைக் குடுத்துட்டுப் போம்."

ஆசீர் கொடுக்கவில்லை. பின்னாலேயே நடந்தார்.

சின்ன மண்மேடு. சுற்றிலும் ஓடைக்கற்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள். சிலுவை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. நாலாபக்கமும் சீமைக்கருவேல் அடர்ந்து நின்றது. மேட்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் வெட்டிச் சுத்தமாக இருந்தது. அதிலும் போன மழைக்குப் புதுக் கன்றுகள் கிளம்பியிருந்தன.

ஆசீர் அந்த மேட்டின் முன் நின்று கண்ணை மூடினார்.

"கண்ணை மூடாதேயும்" என்றார் சாமியார். "முள்ளு ஏறிரும்."

"ஒரு ஜெபம் சாமி."

"பாஸ்டரு ஜெபம் பண்ணத் தெரியாதவரா? நீரு அந்தப் பக்கம் வெட்டும். நான் இந்தப் பக்கம்."

வெட்டினார்கள். சாமியார் கவைக்கம்பால் கிளையை அமுக்கிப் பிடித்து அடியில் ஒரே போடு போட்டார். ஆசீருக்குப் பழக்கமில்லை. மேலாக வெட்டினார், தூர் அப்படியே நின்றது. வெட்டினதை இழுத்தபோது உதிர்ந்த முள்ளும் மண்ணிலேயே கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"சாமி."

"ம்."

"இங்க ஒரு நல்ல சிலுவை வச்சிரலாமா? நான் என் சொந்தச் செலவுல..."

"அவரு கேட்டாரா?"

"இல்லை."

"அப்ப வெட்டும்."

ஆசீர் இன்னும் நாலு கிளை வெட்டினார்.

"உங்க முறைப்படி ஒரு மெழுகுவத்தியாவது கொளுத்தலாமே சாமி. இன்னைக்குத் திருநாளாச்சே."

"கொண்டுவந்தேன். போன வருஷம் இதே நாள். மண்ணு இன்னும் ஈரமாத்தான் கெடந்தது. பாஸ்டர் இங்கதான் உக்காந்திருந்தாரு. என் கையில இருந்த மெழுகுவத்தியைப் பாத்தாரு. அவங்க சபையில அது வழக்கமில்லை. நான் திருப்பிப் பையில போட்டுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கேட்டேன்."

"என்னன்னு?"

"நான் என்ன செய்யட்டும் பாஸ்டர்னு கேட்டேன்."

ஆசீரின் கை நின்றது. அழுதிருக்கிறார், ஜெபித்திருக்கிறார், கமிட்டியில் சண்டை போட்டிருக்கிறார், போஸ்டர் அடித்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் அவர் கேட்டதே இல்லை.

"அவரு என்ன சொன்னாரு சாமி?"

சாமியார் கவைக்கம்பைக் கீழே வைத்தார். சிரித்த முகம் சிரிக்கவில்லை.

"'முள்ளு மட்டும் வெட்டிருங்க ஃபாதர். எம்புள்ள செருப்பே போடாது'ன்னாரு."

ஆசீருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். அவருடைய கோயில் வளாகத்தில் ஒரு வாதாமரம் உண்டு. விழுந்த வாதாங்கொட்டை பொறுக்க ஜெமிமா இரும்புக் கேட்டுக்குக் கீழே நுழைந்து வருவாள். வெறுங்காலோடுதான் வருவாள். "செருப்பு போட்டுட்டு வா பிள்ள, கல்லு குத்தும்" என்று அவரே எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள். அந்த வாதாமரத்தின் நிழல் கல்லறைத் தோட்டத்து மூலையில்தான் விழும். அந்த மூலையைத்தான் பாக்கியமுத்து கேட்டிருப்பார் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் வாய்விட்டு அழுதார். சாமியார் தேற்றவில்லை. திரும்பி நின்று தன் பக்கத்தை வெட்டினார்.

தடத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட பாக்கியமுத்து இறங்கினார். ஆசீரைப் பார்த்ததும் வண்டியின் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார். போய்விடுவார் என்றுதான் ஆசீர் நினைத்தார்.

"வாங்க பாஸ்டர்" என்றார் சாமியார்.

"ஸ்தோத்திரம் ஃபாதர்."

ஆசீருக்கு அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாக்கியமுத்து செருப்பை வண்டியின் பக்கத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். மண்மேட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடியையும் மெதுவாக, பாதம் முழுக்க மண்ணில் படும்படி வைத்தார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடந்து பார்ப்பார் போலிருந்தது. சாமியார் ஒதுங்கி வழிவிட்டார்.

சாமியார் வெட்டின பக்கத்தை அவர் நடந்து கடந்தார். ஆசீர் வெட்டின பக்கம் வந்தது. ஆசீர் அந்தக் காலையே பார்த்தார்.

பாக்கியமுத்துவின் முகம் சுளித்தது. காலைத் தூக்கினார். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பி, நகத்தால் முள்ளைப் பிடுங்கினார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ஆசீர் ஓரடி முன்னால் வைத்து, அப்படியே நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாக யோசித்து வைத்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன.

"நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

பாக்கியமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. அதில் கோபம் இருந்ததா என்று ஆசீருக்குத் தெரியவில்லை.

"இந்தப் பக்கம் முள்ளு கெடக்கு" என்றார்.

"வெட்டுதேன்."

"வெட்டுனா மட்டும் போதாது. பொறுக்கணும்." கையை நீட்டி ஓடையைக் காட்டினார். "அங்க வரைக்கும் எடுக்கணும். பிள்ள ஒரு எடத்துல நிக்காது. ஓடும்."

அவ்வளவுதான். எழுந்து, காலை லேசாகத் தாங்கி நடந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மொபெட் சத்தம் தடத்தில் போய் மறைந்தது.

தூரத்தில் கத்தோலிக்கக் கோயிலின் மணி அடித்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆசீர் அந்த ரத்தப் பொட்டு விழுந்த கல்லையே பார்த்தபடி நின்றார்.

"சாமி, அவரு என்னைய மன்னிச்சிட்டாரா?"

சாமியார் குனிந்து, கீழே கிடந்த அரிவாளை எடுத்து, பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

"அது எனக்குத் தெரியாது ஓய். உம்மகிட்ட ஒரு வேலை சொல்லிட்டுப் போயிருக்காரு."