ஓட்டுநருடன் பேசவும்

"பாதி மலைக்கு மேல என்னால ஏற முடியலைங்க மாஸ்டர்," என்றார் செங்கோடன்.

முப்பது வருஷம் வெளியூர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மாஸ்டர் என்று அவர் அழைத்த பூங்கொடிக்கு அவருடைய மகள் வயதுதான். ஊர் மைதானத்தில் நடக்கவும் ஓடவும் கற்றுக்கொடுப்பவர்.

"எதுக்காக ஏறணும்?"

"என் வீட்டுக்காரி அருக்காணிக்காக. தைப்பூசத்துக்குச் சேர்ந்து ஏறலாம்னு வருஷா வருஷம் கூப்பிடுவா. நான் விறுவிறுன்னு முன்னால போய், பாதி மண்டபத்துல உக்காந்திருவேன். அவ மெதுவா வந்து, என்னைத் தாண்டிப் போய், தனியாச் சாமி கும்பிட்டுட்டு எறங்குவா. போன வருஷம், 'இனி உங்களைக் கூப்பிடலைங்க'ன்னுட்டா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தாராளமா நடங்க, ஆனா படிப்படியான்னாரு."

மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பார்த்தார். மகன் வாங்கித் தந்த வாட்ச். நெஞ்சுத் துடிப்பை எண்ணி நிறம் காட்டும். துடிப்பு குறைந்தால் நீலம், அளவாக இருந்தால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு.

"பச்சையிலேயே நடங்க. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அது போதும்."

"பச்சையில போனா எல்லாரும் என்னை ஓவர்டேக் பண்றாங்களே?"

"பண்ணட்டும்."

செங்கோடன் வாட்சைப் பார்த்தபடியே நடந்தார். அங்கே கிரிக்கெட் விளையாடிய பிள்ளைகளின் ஸ்டம்பில் தடுக்கி விழுந்தார்.

மாஸ்டர் வாட்சைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி பச்சைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பஸ்ல டிரைவர் சீட்டுப் பக்கம் என்ன எழுதியிருக்கும்?"

"ஓட்டுநருடன் பேசாதீர்."

"அதை அழிச்சிட்டு வாங்க."

செங்கோடன் திருதிருவென்று விழித்தார். ரிட்டயர் ஆனவன் எந்த பஸ்ஸில் ஏறி அழிப்பது?

மறுநாள் மைதானத்தில் அருக்காணி நின்றிருந்தார். மாஸ்டர்தான் வரச் சொல்லியிருந்தார். இருவரும் நடந்தார்கள். அருக்காணி பேசிக்கொண்டே வந்தார்.

"கேக்கறீங்களா?"

"ம்."

"நாளைக்குக் கெட்டிச் சட்னியா, தண்ணிச் சட்னியா?"

"ம்."

பின்னாலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். "ஐயா, வெறும் 'ம்' வந்தா அது சிவப்பு! வேகத்தைக் குறைங்க."

குறைத்தார்.

"கெட்டிச் சட்னியே அரைச்சிரு. தேங்காயைக் குறைக்காத," என்றார்.

அருக்காணி நின்றேவிட்டார். "ஆத்தாடி, நடக்கறப்ப இவரு பேசுவாரா!"

செங்கோடனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழைய பாட்டு ஒன்றை எடுத்து விட்டார்.

"பாட்டு வந்தா நீலம்!" என்றார் மாஸ்டர். "வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது."

தைப்பூசம் வந்தது. கூட்டத்தோடு இருவரும் படியேறினார்கள். பாதி மண்டபம் வந்ததையும் போனதையும் செங்கோடன் கவனிக்கவில்லை. அவர் தன் பழைய பஸ்ஸோடு திம்பம் மலைப்பாதையில் இருந்தார்.

"ஒரே மூடுபனி. ஹாரன் அடிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறேன். கண்ணாடிக்கு முன்னால துதிக்கை!"

"ம்."

"வண்டி நிறைய ஜனம். ஒருத்தர் வாய் தொறக்கல."

"ம்."

செங்கோடன் சட்டென்று நின்றார். "என்ன வெறும் 'ம்'? மூச்சு வாங்குதா? மெதுவாப் போலாமா?"

"மூச்செல்லாம் வாங்கலைங்க. கதை கேக்கறேன். இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையே. அப்புறம்?"

"அப்புறம் அந்த யானை…"

"ஏனுங்க, படி முடிஞ்சிருச்சு."

"இரு புள்ள, கதை முடியல."