பன்றி போட்ட பத்தடிக் கணக்கு

மருதங்குளத்துக் கரையில் சிலுப்பன் என்ற காட்டுப்பன்றி இருந்தது. தினமும் மேட்டிலிருந்து தலைதெறிக்க ஓடிவரும். கரையில் கிடந்த பனைமட்டையைத் தொட்டதும் நான்கு காலையும் ஊன்றி, மணலில் சறுக்கிச் சரியாக ஐந்தடியில் நிற்கும். பன்றிகளிடையே அது பெரிய கெத்து.

"நாளைக்கு ரெண்டு மடங்கு வேகத்துல வரப்போறேன்!" என்று ஒருநாள் மார்தட்டியது.

முயல் பதறி ஓடிவந்தது. "அண்ணே, மட்டையிலிருந்து பதினஞ்சாவது அடியில என் வளை இருக்கு. கண்ணு திறக்காத நாலு குட்டிங்க உள்ள கிடக்குதுங்க!"

"அட பயந்தாங்கொள்ளி! அஞ்சடிக்கு ரெண்டு மடங்கு பத்தடி. பத்துல நிக்கிறவன் பதினஞ்சுக்கு ஏன் வரப்போறேன்?"

மறுநாள் காலை, சிலுப்பன் சொன்னபடியே பறந்து வந்தது. மட்டையில் காலை ஊன்றியது. ஐந்தடி போனது. பத்தடியும் போனது! ஓட்டம் அடங்கவே இல்லை! "ஐயோ, நில்லு! நில்லு!" என்று தன் கால்களிடமே கத்தியது. பதினைந்தாவது அடியில் மண் பொலபொலவென்று உள்வாங்கியது. இருபதாவது அடியில்தான் நின்றது.

சிலுப்பன் திரும்பி ஓடி, மூக்கால் மண்ணைக் கிளறியது. கொஞ்சம் வெள்ளை ரோமம்தான் வந்தது.

"கொன்னுட்டேனே! பச்சைக் குட்டிங்களைக் கொன்னுட்டேனே!"

"உயிரோடதான் இருக்குதுங்க," என்றபடி முயல் புதரிலிருந்து வந்தது. "நண்டு சொல்லித்தான் நேத்தே தூக்கிட்டுப் போனேன்."

சிலுப்பன் சறுக்கும் தடத்தைத் தினமும் பார்க்கும் நண்டு மணலிலிருந்து எட்டிப் பார்த்தது.

"ரெண்டு மடங்கு வேகம்னா, அது அடங்க ரெண்டு மடங்கு நேரமாகும். அந்த நேரம் பூரா ரெண்டு மடங்கு வேகமாவும் போவே. ஈரெண்டு எத்தனை?"

"நாலு..."

"அஞ்சடிக்கு நாலு மடங்கு?"

"இருபது!"

"வளைமேல ஏறினப்போ, நேத்து மட்டையைத் தொட்ட அதே முழு வேகம் உன்கிட்ட மிச்சம் இருந்துச்சு!"

 முயல் சிலுப்பனின் முகத்தை நேராகப் பார்த்தது.

"கணக்கைத் தப்பாப் போட்டது நீ. சாகப்போனது என் குட்டிங்க!"

வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும்; நிற்கத் தேவையான தூரமும் நான்கு மடங்காகும். அதை அறியாமல் பாய்கிறவன் தன் அசட்டுத் துணிச்சலுக்கு அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கிறான்.