வலி விட்ட விருந்து

"வலி போச்சு! போயே போச்சு!" என்று கத்திக்கொண்டு ஆற்றங்கரை முழுக்க ஓடினான் காட்டுப்பன்றி கருமுத்து. "மத்தியானம் நம்ம புதர்ல விருந்து! எல்லாரும் வந்துடணும்!"

ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல் அவனைப் படுத்தாத பாடு படுத்தியிருந்தது. காட்டுக்கே பல் வைத்தியம் பார்க்கும் மரங்கொத்தி கொண்டையம்மா அப்போதே கூப்பிட்டாள். "வாயைக் காட்டிட்டுப் போ, தம்பி!" நம்ம ஆள் போனால்தானே! நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். இன்று காலை எழுந்தால் வலியைக் காணோம். வைத்தியம் இல்லாமலே ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் காடே திரண்டு வந்தது. அவன் மனைவி மூக்காயி தேக்கிலை போட்டு வள்ளிக்கிழங்கும் நாவல்பழமும் பாயசமும் பரிமாறினாள். கருமுத்து பந்திக்குப் பந்தி ஓடினான்.

"முயலுக்கு இன்னும் ரெண்டு கிழங்கு வை! மானே, என்ன கூச்சம்? கேட்டு வாங்கிச் சாப்பிடு!"

"நீங்க உட்காரலையா?" என்று கேட்டது மான்.

"வீட்டுக்காரன் முதல்ல உட்காரலாமா? நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்!"

ஆஹா, என்ன மரியாதை, என்ன உபசரிப்பு என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். விருந்து வைத்தவன் கடைசியில் சாப்பிடுவதுதானே முறை! யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"ஐயோ! செத்தேன்! யாராவது காப்பாத்துங்களேன்!"

பந்தி நடுவில் விழுந்து புரண்டான் குரங்கு பல்லவராயன். கொட்டையைக் கடித்ததில் அவன் முன்பல்லின் நுனி கடுகளவு பெயர்ந்திருந்தது. அதற்குத்தான் இத்தனை ரகளை! கொண்டையம்மா பாதிச் சாப்பாட்டில் பறந்து வந்து பார்த்தாள்.

"ரத்தம் இல்லை, பல் ஆடலை, கூச்சம்கூட இல்லை. நாளைக்கு வா, தேய்ச்சு விடறேன்."

"நாளைக்கா? அதுவரைக்கும் என் அழகு என்னாகிறது?"

"உன் அழகு ஒரு நாள் பொறுக்கும், போ!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருமுத்துவும் சிரிக்கப் பார்த்தான். வாய் சரியாகத் திறக்கவே இல்லை. கொண்டையம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"தம்பி, இங்கே வா. ஒரு வாய் தண்ணி குடி."

"பந்தி முடியட்டும், அக்கா..."

"இப்பவே குடி!"

குடித்தான். தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாக அப்படியே வெளியே வழிந்தது. தாடைக்கு அடியில் வீங்கிக் கல்லாக இறுகியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. காலையிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. கிழங்கு வாசனைக்கு நாக்கு ஊறுகிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவன் பந்தியில் உட்காராததும் விழுங்க முடியாமல்தான்.

"வலிதான் இல்லையே, அக்கா!" என்று குழறினான்.

"வலிச்ச நரம்பு செத்துப்போச்சுடா! அதான் வலி இல்லை. சீழ் தொண்டைப் பக்கம் இறங்குது. விட்டா ராத்திரிக்குள்ள மூச்சை அடைச்சிடும்!"

"பாதி இலையில எல்லாரையும் எழுப்பச் சொல்றீங்களா? என் மானம் என்னாகும்?"

மூக்காயி அகப்பையை விட்டெறிந்தாள். "நீங்க உயிரோட இருந்தாத்தானே மானம்! உட்காருங்க சொல்றேன்!"

அந்தச் சத்தத்தில் கருமுத்து பொத்தென்று உட்கார்ந்தான்.

வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. கொண்டையம்மாவின் அலகு நுழைந்துவிடும். பல்லைப் பிடித்து இழுக்கக் கை வேண்டுமே!

"பல்லவராயா! உன் விரல் மெலிசு, ஓடி வா!"

அழுதுகொண்டிருந்த குரங்கு ஒரே தாவலில் வந்து நின்றான். கொண்டையம்மா குறி பார்த்து, வீங்கிய ஈறில் ஒரே கொத்து! சீழ் பீய்ச்சி அடித்தது. நாற்றம் தாங்காமல் பந்தி மொத்தமும் எழுந்து ஓடியது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

"இப்போ இழு!"

பல்லவராயன் இரண்டு காலையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். சொத்தைப் பல் வேரோடு கையில் வந்தது. வந்த வேகத்தில் அவன் பின்னால் இருந்த பாயசப் பானைக்குள் போய் விழுந்தான்.

கருமுத்து மூச்சை இழுத்தான். தடையில்லாமல் இழுத்தான். மூக்காயி தண்ணீரை நீட்டினாள். ஓடியவர்களெல்லாம் திரும்பி வந்து அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மடக்! ஒரு வாய் இறங்கியது. மடக்! இன்னொரு வாய்!

"இறங்குதுடீ, மூக்காயி! தண்ணி இறங்குது!"

மூக்காயி ஓவென்று அழுதபடியே அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். யானை பிளிறியது. மயில் அகவியது. பாயசம் சொட்டச் சொட்டக் குரங்கையும், கொண்டை சிலிர்த்து நின்ற மரங்கொத்தியையும் யானை மேல் ஏற்றி, ஆற்றங்கரை நெடுக ஊர்வலம் போனார்கள். "பிழைச்சாச்சு! பிழைச்சாச்சு!" என்ற கூச்சல் அக்கரை வரை கேட்டது.

பல்வலி நின்றுவிட்டாலும், தாடை வீங்கி, காய்ச்சல் கண்டு, எச்சில் விழுங்கவே கஷ்டமானால், எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு அந்த நிமிடமே வைத்தியரிடம் ஓட வேண்டும்.