முந்துவதும் பிந்துவதும்

ரேடார் ஆய்வுக்கூடத்தில் தலைவர் வைத்ததுதான் சட்டம். பயிற்சிக்கு வந்த பூங்காவனத்தின் மேசையில் இரண்டு கருவிகளை வைத்தார். நுண்ணலையின் வலிமையைக் கூட்டிக் குறைப்பவை அவை. வலிமை கூடினால் ஒன்றில் அலை சற்று முந்தியது. மற்றதில் அதே அளவு பிந்தியது.

“ரெண்டும் குப்பை. வேற புதுசு கிடைக்காது. அலை முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா மூட்டையைக் கட்டும்மா!” என்று கத்தினார். துணைத்தலைவர் மெல்ல வந்து, “ஆமாம்… கட்டும்மா” என்றார்.

பூங்காவனம் ஒன்றின் வாலில் மற்றதை இணைத்தாள். இரண்டையும் சேர்த்துத் திருகியதும் வலிமை ஏறி இறங்கியது. அலை இம்மியும் பிசகவில்லை.

“எப்படித் தோணிச்சு?” என்றார் தலைவர்.

“உங்களைப் பார்த்துதான் சார். கோபம் வந்தா நீங்க முந்துவீங்க, துணைத்தலைவர் பிந்துவார். அதனாலதானே இந்த இடம் சரியா நடக்குது! மூட்டையை அவிழ்க்கலாமா?”

தலைவர்தான் முதலில் சிரித்தார். கூடமே சிரித்து ஓய்ந்தபின் துணைத்தலைவரும் சிரித்தார்.