தேயாத செருப்பு

ஆம்பூரில் ஜெபமணி என்றொரு மாஸ்டர். ஷூ கம்பெனியில் பதினாலு வருடம் தோல் வெட்டியவர். அதை விட்டுவிட்டு, பசை விற்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் தோல் வேலை சொல்லிக்கொடுக்கிறார். வயது முப்பத்தேழு. படிக்க வருகிற ஏழு பேரில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். அவர் அவர்களை அண்ணா, அக்கா என்பார்.

ஏழு பேரில் எல்லோருக்கும் மூத்தவர் இன்பசாகரன். கொதிகலன் தொழிற்சாலையில் முப்பது வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் பிசகிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் பொழுது போகாமல் அந்த மாடிப்படி ஏறவில்லை. மனைவி பூங்காவனத்துக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் இடது காலில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். கடைச் செருப்பு எதுவும் சேரவில்லை. 'நானே செய்து தருகிறேன்' என்று கிளம்பி வந்தார்.

செய்தும் தந்தார். சித்திரையில் ஒரு ஜோடி. ஆனால் அது வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்தது. ஒட்டில்லாமல், ஒரே தோலில் இன்னொரு ஜோடி செய்து தரவேண்டும் என்பதுதான் இப்போது அவருடைய ஒரே ஆசை. அதற்கு மாஸ்டர் கையால் ஒரு முழுத்தோல் கிடைக்க வேண்டும். அது அவ்வளவு லேசில் கிடைக்காது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசி ஞாயிறு பகிர்வு நாள். ஒவ்வொருவரும் தாம் செய்த ஒரு பொருளைப் பாயில் வைக்க வேண்டும். சீட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எது விழுகிறதோ அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் பயன்படுத்தி, அடுத்த பகிர்வில் செய்தவரிடமே திருப்பித் தரவேண்டும். தரும்போது வாய் திறக்கக் கூடாது. நன்றாக இருந்தது என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. வாய் தவறியவர் அன்றைய டீ டம்ளர் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். திரும்பி வந்த பொருளை மாஸ்டர் புரட்டிப் பார்ப்பார். மனம் நிறைந்தால் உள்ளறையிலிருந்து ஒரு முழுத்தோலை எடுத்துவந்து செய்தவர் மடியில் வைப்பார்.

ஆவணிப் பகிர்வில் சைக்கிள் கடை தஸ்தகீருக்கு அவருடைய சுருக்குப்பை திரும்பி வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் மஞ்சள் கறை, ஒரு பக்கம் எண்ணெய். வார் நீண்டு தொங்கியது. ஓரிடத்தில் தையல் விட்டு, யாரோ வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள். இன்பசாகரனுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இன்பசாகரனின் தோள்பை தஸ்தகீரிடமிருந்து வந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு கறை இல்லை. பாயில் வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. முந்தைய இரண்டு மாதமும் அவர் பொருட்கள் இப்படித்தான் திரும்பின. மனசுக்குள் பூரித்துப்போய் மடியைக் கொஞ்சம் அகட்டி உட்கார்ந்தார்.

மாஸ்டர் முழுத்தோலை எடுத்துவந்து தஸ்தகீர் மடியில் வைத்தார்.

இன்பசாகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டுக் குலுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு எழுந்தார்.

"மாஸ்டர், என் பையில என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லீங்க அண்ணா."

"தையல் சரியா இருக்கா?"

"அந்த மாதிரித் தையல் எனக்கே வராது."

"அப்புறம் ஏன் எனக்குத் தரலை?"

மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தஸ்தகீருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"சார், என் கை கிரீஸ் கை. உங்க பையைத் தொடவே பயமா இருந்துச்சி. ஆணியில மாட்டிவெச்சி ஒரு மாசம் பார்த்துக்கினே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"அவர் தொட பயப்படற அளவுக்கு நல்லாச் செஞ்சது என் தப்பா மாஸ்டர்?"

மாஸ்டர் வேறொன்று கேட்டார். "அண்ணிக்குச் செஞ்சீங்களே, அந்தச் செருப்பு எப்படி இருக்குது?"

"இன்னும் புதுசு கலையலை மாஸ்டர்" என்றார் இன்பசாகரன் பெருமையாக. "பீரோவில, பட்டுப்புடவை பக்கத்தில வெச்சிருக்கா."

"அப்போ காலுக்கு?"

"பழைய ரப்பர் செருப்பு ஒண்ணு. கண்றாவியா இருக்கும். தூக்கிப் போடுன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், கேட்கமாட்டேங்கறா."

"நாளைக்கு அதை எடுத்துனு வாங்க. புதுச் செருப்பு வீட்டிலயே இருக்கட்டும். அதோட பேட்டர்ன் மட்டும் கொண்டாங்க."

வழியெல்லாம் யோசித்தார். செருப்புச் செய்யக் கற்றுக்கொடுக்கிற இடத்துக்கு ரப்பர் செருப்பு எதற்கு? ஒருவேளை தன்னை எல்லோர் முன்னாலும் கேலி செய்யப் போகிறார்களோ என்றுகூடத் தோன்றியது. மாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் காலை பூங்காவனத்திடம் கேட்டார்.

"உன் ரப்பர் செருப்பு வேணும். மாஸ்டர் கேட்டாங்க."

"அது எதுக்கு அவங்களுக்கு?"

"தெரியலை."

"நான் எதைப் போட்டுக்கறது?"

"அதான் புதுசு இருக்கே."

பூங்காவனம் பீரோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சரி, எடுத்துனு போங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

மாடியில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. மாஸ்டர் செய்தித்தாளைப் பிரித்து, இரண்டு செருப்பையும் மேசைமேல் குப்புற வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வலது குதிகால் தேஞ்சி காகிதமாட்டம் ஆயிடுச்சி. பாரத்தை எல்லாம் இந்தக் கால்ல போடறாங்க. இடது காலைக் கட்டைவிரல் பக்கமாச் சாய்ச்சி வெக்கறாங்க. வீட்டுல மாடிப்படி இருக்குதா?"

"மொட்டைமாடிக்கு இருக்கு."

"இறங்கறப்போ பக்கவாட்டுல இறங்குவாங்களே?"

இன்பசாகரன் யோசித்துப் பார்த்தார். முப்பத்தோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவள் எப்படிப் படி இறங்குகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"தெரியலை மாஸ்டர்."

மாஸ்டர் இடது செருப்பை நிமிர்த்தினார். வெளி ஓரத்தை யாரோ பிளேடால் வளைவாக அறுத்து எடுத்திருந்தார்கள். வாரின் உட்பக்கம் பழைய நைட்டித் துணியை நாலாக மடித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டுத் தைத்திருந்தது. அறுத்த விளிம்பு கரடுமுரடாக இருந்தது. இன்பசாகரனுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"இது யார் செஞ்சது?"

"அவதான் போல. எப்போ செஞ்சான்னு தெரியாது."

மாஸ்டர் அந்தத் துணிமடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். "நல்ல வேலை" என்றார்.

அங்கே சேர்ந்த ஒன்றரை வருடத்தில் மாஸ்டர் யாருடைய வேலையையும் பார்த்து அப்படிச் சொல்லி இன்பசாகரன் கேட்டதில்லை. அவருடைய குழப்பம் கோபமாக மாறப் பார்த்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"பேட்டர்ன்?"

உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். தோல் வெட்டுவதற்காக மையில் வரைந்த அளவுத்தாள். அளவுகள் எழுதி, தேதி போட்டு, மூலையில் கையெழுத்தும் வைத்திருந்தார். சட்டம் போட்டு மாட்டலாம், அப்படி இருந்தது.

"இது வலது கால். இடது எங்கங்க அண்ணா?"

"வலதைத் திருப்பிப் போட்டு இடது வெட்டணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஆமாம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

மாஸ்டர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்பசாகரனால்தான் நிறுத்த முடியவில்லை.

"ஜோடின்னா ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும் இல்லையா மாஸ்டர்? அதுவும் இல்லாம, ரெண்டு விரல் இல்லைங்கறது தெரியக்கூடாதுன்னு நினைச்சேன். அந்த இடத்தை அப்படியே காலியா விட்டு, மேலே வார் போட்டு மறைச்சேன். பார்த்தா யாரும் கண்டுபிடிக்க முடியாது."

"யாருக்குத் தெரியக்கூடாது?"

'ஊருக்கு' என்று சொல்ல வாயெடுத்தார். பூங்காவனம் ஊருக்குள் போவதே இல்லை. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போவாள். அங்கே இருக்கிற எல்லோருக்கும் அந்தக் காலைப் பற்றித் தெரியும்.

மாஸ்டர் ரப்பர் செருப்பைத் திரும்பவும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "சீக்கிரம் போங்க. அண்ணி காலுக்கு ஒண்ணும் இல்லாம இருப்பாங்க."

"புதுசு இருக்கு மாஸ்டர், அதைப் போட்டிருப்பா."

"போங்க அண்ணா."

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. பூங்காவனம் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. மேசையில் காலை டம்ளர் அப்படியே இருந்தது. டாக்டர் வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார், அதனால் அவள் எழுந்திருக்கவே இல்லை.

அவர் நுழைந்ததும் புடவையை இழுத்து இடது காலை மூடிக்கொண்டாள். அவரும் பழக்கப்படி காலண்டரைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டு வந்தபின் இரண்டு மாதம் நர்ஸ் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போவார். நர்ஸ் வருகிற நேரத்தில் இவர் பால் வாங்கப் போய்விடுவார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் பால் வழிந்தது.

"சாப்பிடலையா?"

"எழுந்திரிக்கலை."

"புதுச் செருப்பு?"

பூங்காவனம் புடவை நுனியைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள். "நீங்க குடுத்த அன்னிக்கே போட்டேங்க. சமையல்கட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கால் அந்தக் காலி இடத்துக்கு வழுக்கினு போயி ஓரத்துல உரசுது. தோல் உரிஞ்சிடுச்சி. பயந்து கழட்டி வெச்சிட்டேன்."

"அஞ்சு மாசமா ஏன் சொல்லலை?"

"பீரோவைத் தொறக்கறப்போ எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பீங்க. எப்படிச் சொல்றது?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. ரப்பர் செருப்பை அவள் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போகிற சத்தத்தை மட்டும் கேட்டார். ஒரு அடி அழுத்தமாகவும் ஒரு அடி மெதுவாகவும் கேட்டது.

அன்று முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டார். மறுநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மாடி ஏறிவிட்டார். கையில் நீளமான ஒரு உறை இருந்தது.

"மாஸ்டர், எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. இடதுக்குத் தனி பேட்டர்ன் போடணும். அகலத்தில இத்தனை மில்லிமீட்டர் குறைச்சிருக்கேன், சரியான்னு நீங்க சொல்லணும்."

"எதை வெச்சிக் குறைச்சீங்க?"

உறையிலிருந்து மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்துப் பரப்பினார். "ஆபரேஷன் பண்ணினப்போ கொடுத்தது. எலும்பை எதுவரைக்கும் எடுத்தாங்கன்னு இதில இருக்கு. எக்ஸ்ரேயும் இருக்கு. இதிலிருந்து அளவு எடுத்துட்டேன். ரெண்டு மூணு விதமாப் போட்டுப் பார்த்தாச்சு, கணக்கு உதைக்கலை."

மாஸ்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். எழுந்து உள்ளறைக்குப் போனார். வரும்போது கையில் முழுத்தோல் ஒன்று இருந்தது. மிருதுவான ஆட்டுத்தோல். எங்கும் ஒட்டு இல்லை. அதை மேசைமேல் விரித்தார்.

இன்பசாகரனின் கை தானாக நீண்டது. அந்தத் தோலுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தவர் அவர்.

மாஸ்டர் மருத்துவமனைச் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கி உறையில் போட்டார். தோலின்மேல் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் வைத்தார்.

"சீட்டிலேயே எல்லா அளவும் இருக்கே மாஸ்டர்" என்றார் இன்பசாகரன். குரல் கெஞ்சுவதுபோல் வந்தது அவருக்கே கேட்டது. "இது போதாதா?"

"தாள் இந்தாங்க அண்ணா" என்றார் மாஸ்டர். "கால் உங்க வீட்டுல இருக்குது."